திப்பியிலிருந்து அமிலம்: செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

சேலம், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளைக் கடந்து போனவர்களுக்குத் திப்பியின் வாடை தெரிந்திருக்கும். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை அது. காய்ந்த திப்பியில் பாதிக்கும் மேல் மாவுச்சத்துதான். அதிலிருந்து லாக்டிக் அமிலம் எடுக்கலாம், அந்த அமிலத்தைக் கோத்து மக்கும் பிளாஸ்டிக் செய்யலாம் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது. முடியும்தான், ஆய்வுக்கூடங்களில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். பிறகு ஏன் ஆலைகள் முளைக்கவில்லை?

பலர் நினைப்பதுபோல் நொதிக்க வைப்பது கடினமான வேலை இல்லை. திப்பியை நீரில் வேகவைத்து, மாவை உடைக்கும் என்சைம்களைச் சேர்த்தால் குளுக்கோஸ் கிடைக்கும். லாக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியா ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறையும் இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளாக மாற்றிவிடும். கணக்குப்படி 180 கிராம் குளுக்கோஸுக்கு 180 கிராம் அமிலம். எத்தனால் காய்ச்சினால் கிட்டத்தட்ட பாதி எடை கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துபோகும். இங்கே அந்த இழப்பு இல்லை. தயிர் புளிப்பதும் இதே வேதியியல்தான். 1780இல் வேதியியலாளர் ஷீலே இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தது புளித்த பாலிலிருந்து.

தொல்லை அதற்குப் பிறகுதான். புளிப்பு ஏற ஏற, அதை உண்டாக்கிய பாக்டீரியாவே அடங்கிப்போகும். அது தொடர்ந்து வேலை செய்ய வேண்டுமானால் சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பைத் தணிக்க வேண்டும். அப்போது தொட்டியில் சேர்வது அமிலம் அல்ல, கால்சியம் லாக்டேட் என்ற உப்பு. அதிலிருந்து அமிலத்தை மீட்கக் கந்தக அமிலம் ஊற்றினால், ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் ஜிப்சம் ஒதுங்கும். ஒரு கழிவைத் தீர்க்கப் போய் இன்னொரு குவியல்! புளிப்பைத் தாங்கும்படி மாற்றியமைத்த ஈஸ்ட்டைக் கொண்டு இதைக் குறைக்க வழி உண்டு. ஆனால் அது சிறிய ஆலைக்காரர் கைக்கு எட்டும் சமாச்சாரம் இல்லை.

அடுத்தது சுத்திகரிப்பு. பாலிலாக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக்குக்கு மிகத் தூய்மையான அமிலம் வேண்டும். சக்கையோடு வரும் நாரும் புரதமும் நிறமும் கடைசிவரை கூடவே வரும்; மூலப்பொருளில் மிச்சம் பிடித்த காசு வடிகட்டுவதில் கரைந்துவிடும். இந்தப் பிளாஸ்டிக்கைச் செய்யும் அமெரிக்காவின் பிளேர் நகர ஆலை மக்காச்சோளத்தையும், தாய்லாந்தின் ரயோங் ஆலை கரும்புச் சர்க்கரையையும் நம்பியிருப்பது காரணமில்லாமல் இல்லை. வைக்கோல், கரும்புச் சக்கை என்றால் இன்னும் சிரமம். அவற்றின் நாரைப் பிணைத்திருக்கும் லிக்னினைப் பிரித்தாக வேண்டும். அவற்றிலுள்ள சைலோஸ் என்ற சர்க்கரையைத் தின்னும் பல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தோடு அசிட்டிக் அமிலத்தையும் கலந்தே தரும்.

ஆகவே பிளாஸ்டிக் கனவிலிருந்து தொடங்குவது தலைகீழ் வேலை என்றே படுகிறது. தோல் பதனிடுவதில் சுண்ணாம்பு நீக்க லாக்டிக் அமிலம் பயன்படுத்துவது பழைய வழக்கம். அதற்கு அவ்வளவு தூய்மை தேவையில்லை. தோல் ஆலைகள் நிறைந்த வாணியம்பாடியும் ஆம்பூரும் சேலத்திலிருந்து தொலைவில் இல்லை. அங்கே விற்கும் விலைக்குக் கட்டுப்படியாகுமா என்று முதலில் கணக்குப் போடலாம். அந்தக் கணக்கில் திப்பியை இலவசம் என்று எழுதிவிடக் கூடாது. காயவைத்த திப்பியை இன்றைக்கே மாட்டுத்தீவனத்துக்குக் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள்.