மரபும் உழைப்பும்: ‘லீஜ் அண்ட் லீஃப்’ இசைத்தட்டை முன்வைத்து

ஆங்கில நாட்டார் ராக் இசையைப் பற்றி யார் எழுதினாலும், ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் ‘லீஜ் அண்ட் லீஃப்’ (1969) இசைத்தட்டில் வந்து நிற்பது வழக்கம். 2006இல் பிபிசி வானொலி நேயர்கள் வாக்களித்து, நாட்டார் இசைத்தட்டுகளிலேயே மிகுந்த தாக்கத்தை ஏற்படுத்தியது என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த இசைத்தட்டைச் சுற்றி வளர்ந்துவிட்ட இரண்டு தொன்மங்களோடு உடன்பட முடியவில்லை. துயரத்திலிருந்து தானாக ஊற்றெடுத்த இசை அது என்பது ஒன்று. கலப்பற்ற ஆங்கில வேருக்குத் திரும்பிய இசை என்பது மற்றொன்று.

துயரம் உண்மையானது. 1967இல் வடக்கு லண்டனில் தொடங்கிய இக்குழுவினர் பெரும்பாலும் அமெரிக்கப் பாணிப் பாடல்களைப் பாடிவந்த இளைஞர்கள். 1969 மே 12 அதிகாலை, பர்மிங்ஹாமில் நிகழ்ச்சியை முடித்துத் திரும்பும் வழியில் அவர்களது வேன் எம்1 நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானது. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லேம்பிளும், கித்தார் கலைஞர் ரிச்சர்ட் தாம்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் உயிரிழந்தனர். லேம்பிளுக்கு அப்போது வயது 19. குழுவைக் கலைத்துவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. தொடர்வதென்று முடிவெடுத்தபோது, இறந்தவனோடு சேர்ந்து வாசித்த பழைய பாடல்களைத் தொடுவதில்லை என்றும் தீர்மானித்தார்கள்.

ஆனால் திசைமாற்றம் விபத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. ‘அன்ஹாஃப்பிரிக்கிங்’ என்ற முந்தைய இசைத்தட்டு 1969 ஜூலையில்தான் வெளிவந்தது என்றாலும், அதன் பதிவு விபத்துக்கு முன்னரே முடிந்திருந்தது. அதில் ‘எ செய்லர்ஸ் லைஃப்’ என்ற மரபுப் பாடல், விருந்தினராக வந்த டேவ் ஸ்வார்பிரிக்கின் வயலினோடு பதினோரு நிமிடங்கள் நீள்கிறது. 1968இல் வந்த ‘தி பேண்ட்’ குழுவின் ‘மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்’ இசைத்தட்டும் இவர்களை யோசிக்க வைத்திருந்தது. அமெரிக்கர்களின் மண்ணை அமெரிக்கர்களே இவ்வளவு நன்றாகப் பாடும்போது, நமக்கென்று இருக்கும் மண் எது என்பதே அந்தக் கேள்வி. துயரம் அந்தக் கேள்வியை அவசரமாக்கியது. விடையை அது கொடுக்கவில்லை.

விடை உழைப்பிலிருந்து வந்தது. 1969 கோடையில் ஹாம்ப்ஷயரிலுள்ள ஃபார்லி சேம்பர்லேன் என்ற சிற்றூரில் ஒரு பழைய வீட்டில் குழுவினர் தங்கினார்கள். நாட்டார் இசை மேடைகளில் பல ஆண்டுகள் பழகியிருந்த ஸ்வார்பிரிக் நிரந்தர உறுப்பினரானார். லேம்பிளின் இடத்திற்கு வந்த டேவ் மாட்டக்ஸ் நடனக் குழுக்களில் வாசித்துவந்தவர். இந்த இசை அவருக்குப் புதிது. பேஸ் கித்தார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனின் செசில் ஷார்ப் இல்ல நூலகத்தில் பழைய கதைப்பாடல்களைத் தேடிக்கொண்டிருந்தார். ஒத்திகை முடிந்து, செப்டம்பர் 24இல் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் பாடல்களை மேடையேற்றினார்கள். அதன் பிறகே, அக்டோபர் நடுவில், செல்சியின் சவுண்ட் டெக்னிக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்துக்குச் சென்றார்கள். தயாரிப்பாளர் ஜோ பாய்ட், ஒலிப்பதிவாளர் ஜான் வுட். நவம்பர் தொடக்கத்தில் பதிவு முடிந்துவிட்டது. இவ்வளவு விரைவாக முடிந்ததை உத்வேகத்தின் அடையாளமாகச் சொல்வார்கள். முந்தைய மாதங்களின் உழைப்பை மறந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

இரண்டாவது தொன்மத்தைப் பாடல்களே பொய்யாக்குகின்றன. ‘மேட்டி குரோவ்ஸ்’ பழைய ஆங்கிலக் கதைப்பாடல்தான். ஆனால் அதன் மெட்டு, அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்பகுதியில் வழங்கும் ‘ஷேடி குரோவ்’ பாடலின் மெட்டு. ‘ரெய்னர்டைன்’ பாடலின் நாயகனுக்கு நரியின் மாயத்தன்மை வந்து சேர்ந்ததில் பெரும்பங்கு, 20ஆம் நூற்றாண்டில் ஏ.எல். லாய்ட் செய்த மாற்றங்களுக்கு உரியது. ‘ஃபேர்வெல், ஃபேர்வெல்’ பாடலின் சொற்கள் தாம்சன் எழுதியவை. மெட்டு ‘வில்லி ஓ வின்ஸ்பரி’யுடையது. அந்த மெட்டும் அயர்லாந்து இசைக்குழு ஒன்றில் இருந்த ஆண்டி இர்வின் வழியாக வந்தது. புத்தகத்தில் மெட்டுத் தேடியபோது, வேறொரு கதைப்பாடலுக்கு உரியதைத் தவறுதலாக எடுத்துப் பொருத்திவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்கள் 305ஐத் தொகுத்த பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு ஓர் அமெரிக்கப் பேராசிரியர். இசைத்தட்டைத் தயாரித்த பாய்டும் அமெரிக்கரே. கலப்பில்லாத வேர் என்று எதைக் காட்டுவது?

நமக்கு இது குறையாகத் தெரியவில்லை. வாய்மொழி மரபு என்றைக்கும் இப்படித்தான் நடந்துவந்திருக்கிறது: பிழையாகக் கேட்டு, மெட்டை மாற்றி, ஊர்விட்டு ஊர் சென்று. ஏட்டில் உறைந்த பாடலுக்கு அந்தப் பழைய சுதந்திரத்தை மின்கித்தாரும் டிரம்ஸும் திருப்பிக் கொடுத்தன. மின்கருவிகள் பாடலைக் கெடுத்துவிட்டன என்ற தூய்மைவாதிகளின் குற்றச்சாட்டு இதனால்தான் நிற்கவில்லை. எழுப்ப வேண்டிய குற்றச்சாட்டு வேறொன்று. இசைத்தட்டின் உள்ளட்டை சைல்டையும் ஷார்ப்பையும் நன்றியோடு நினைவுகூர்கிறது. இப்படிப்பட்ட பாடல்களைத் தலைமுறைகளாகக் காத்து, தொகுக்க வந்தவர்களுக்குப் பாடிக்காட்டிய தோட்டக்காரர்களும் பண்ணையாட்களும் ‘மரபு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோகிறார்கள். பாடலை மாற்றும் உரிமையை முழுமனதோடு ஆதரிக்கும் நாம், பாடியவரின் பெயரை மறக்கும் வழக்கத்தை ஆதரிக்க இயலாது.

உழைப்புக்கு ஒரு விலையும் இருந்தது. 1969 டிசம்பரில் ஐலண்ட் நிறுவனம் இசைத்தட்டை வெளியிட்டபோது, அதை உருவாக்கிய குழு உடைந்திருந்தது. மரபுக்குள் இன்னும் ஆழமாகச் செல்ல விரும்பிய ஹட்சிங்ஸ் நவம்பரில் விலகி ஸ்டீலை ஸ்பான் குழுவைத் தொடங்கினார். சொந்தப் பாடல்களை எழுத விரும்பிய பாடகி சாண்டி டென்னியும் அதே மாதம் விலகி ஃபோதரிங்கே குழுவை அமைத்தார். பழையதைக் காப்பதா, புதியதை எழுதுவதா என்ற வழக்கு இசைத்தட்டுக்கு வெளியே இருவரையும் பிரித்தது. இசைத்தட்டுக்கு உள்ளே அது தீர்ந்தே இருந்தது. அதன் கடைசிப் பாடலான ‘கிரேஸி மேன் மைக்கேல்’ தாம்சனும் ஸ்வார்பிரிக்கும் அப்போது புதிதாக உருவாக்கியது. அண்டங்காக்கையைக் கொன்றவன், கொன்றது தன் காதலியையே என்று அறியும் கதை. அது புதிய பாடல் என்று யாராவது சொல்லாவிட்டால் நூற்றாண்டுகள் பழையது என்றே நம்பத் தோன்றும்.

டென்னி 1978இல், 31 வயதில் மறைந்தார். 2007இல் கிராப்ரெடி திருவிழாவில் மற்ற ஐவரும் ஒன்றுகூடி இசைத்தட்டு முழுவதையும் வாசித்தபோது, அவரது இடத்தில் கிறிஸ் வைல் பாடினார். டென்னியின் குரலுக்கு ஈடு இல்லை என்று வருந்தியவர்கள் உண்டு. அந்த வருத்தம் நியாயமானதே. எனினும் பாடியவர் போன பின்பும் பாடல் இன்னொரு தொண்டைக்கு இடம்மாறுகிறது என்பதைவிட நாட்டார் பாடலுக்கு வேறு இலக்கணம் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.