வாட் எண்ணை மட்டும் நம்பினால் படகில் வெளிச்சம் இருக்காது

சோலார் பேனல் விற்கும் இடத்தில் முதலில் காதில் விழும் எண் வாட். 100 வாட்டா, 250 வாட்டா என்று கேட்பார்கள். வாங்குபவரும் விலையை வாட்டால் வகுத்துப் பார்த்து, எது மலிவோ அதைத் தூக்கிக்கொண்டு போவார். தெலுக் பகாங்கிலிருந்து மீன்பிடிக்கக் கிளம்பும் ஒரு சிறு படகில் இந்தக் கணக்கு பொய்த்துப் போகும். அங்கே இரவு விளக்கு, வானொலிக் கருவி, ஜி.பி.எஸ்., படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பு எல்லாமே ஒரு பேட்டரியை நம்பி இருக்கின்றன. நடுக்கடலில் பம்பு நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பேனலையும் அதைப் பேட்டரியோடு இணைக்கும் சார்ஜ் கட்டுப்படுத்தியையும் ஜோடி பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. ஜோடி சேருமா என்று பார்க்கப் பொறியியலாளர் தேவையில்லை. திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது என்று பள்ளியில் படிக்கிறீர்களே, அது போதும்.

ஒரு 100 வாட் பேனலைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வழக்கமான 36 செல் பேனல் என்றால் வேலை செய்யும் மின்னழுத்தம் சுமார் 18 வோல்ட், மின்னோட்டம் சுமார் 5.5 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் 99. சரி, பேட்டரியோ 12 வோல்ட். சார்ஜ் ஏறும்போது 13, 14 வோல்ட் வரை போகும். மீதி 4, 5 வோல்ட் எங்கே போகிறது?

அது கட்டுப்படுத்தியைப் பொறுத்தது. பி.டபிள்யூ.எம். என்னும் மலிவான வகை, பேனலைப் பேட்டரியோடு நேரடியாக இணைத்துவிடுகிறது. பேட்டரி நிறையும்போது இணைப்பை வேகமாகத் திறந்து மூடி அளவைக் குறைக்கும், அவ்வளவுதான். எனவே பேனலும் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கே இறங்கி வந்துவிடும். 13ஐ 5.5ஆல் பெருக்கினால் சுமார் 72 வாட். மீதி 28 வாட்டை யாரும் திருடவில்லை, பேனல் அதை உற்பத்தி செய்யவே இல்லை. எம்.பி.பி.டி. என்னும் விலை உயர்ந்த வகையோ, பேனலின் பெருக்குத்தொகை எந்த மின்னழுத்தத்தில் அதிகமாக வருகிறது என்று தேடிக்கொண்டே இருக்கும். அங்கே கிடைக்கும் திறனைக் குறைந்த வோல்ட், கூடுதல் ஆம்பியராக மாற்றிப் பேட்டரிக்குத் தரும். மாற்றும்போது சுமார் 5 விழுக்காடு இழப்பு.

அப்படியானால் எல்லாரும் எம்.பி.பி.டி. வாங்க வேண்டியதுதானே? விற்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சீட்டில் உள்ள எண்கள் ஆய்வகத்தில், செல்லின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸ் இருக்கும்போது அளந்தவை. பினாங்கு நண்பகலில் படகுக் கூரைமேல் கிடக்கும் பேனல் 60 பாகையைத் தொடும். சிலிக்கான் செல் சூடேறினால் மின்னழுத்தம் குறையும். ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.4 விழுக்காடு. 35 பாகை கூடினால் 14 விழுக்காடு போய்விடும். 18 வோல்ட் 15.5 ஆகிவிடும். இப்போது பேனல் தருவது 85 வாட். எம்.பி.பி.டி.யின் இழப்பைக் கழித்தால் 81. பி.டபிள்யூ.எம்.மோ பழைய 72இல் அப்படியே நிற்கிறது. பேட்டரி 14 வோல்ட்டுக்கு ஏறிவிட்டால் அதுவும் 77 தரும். நம் வெயிலில் இடைவெளி இவ்வளவுதான். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் அறிவுரையில் இது வராது. ஒரே ஒரு 36 செல் பேனல் வைத்திருக்கும் மீனவருக்குப் பி.டபிள்யூ.எம்.மே போதும். மிச்சமாகும் காசில் தடித்த கம்பியும், பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு நல்ல பியூசும் வாங்கலாம்.

வீட்டுக்கூரைக்கான 60 செல் பேனலைப் படகில் ஏற்றினால் கதை தலைகீழ். 250 வாட் பேனல் என்றால் சுமார் 30 வோல்ட், 8.3 ஆம்பியர். பி.டபிள்யூ.எம்.மில் மாட்டினால் 13ஐ 8.3ஆல் பெருக்கி 108 வாட்தான். பாதிக்கு மேல் வீண். இங்கே எம்.பி.பி.டி. இல்லாமல் முடியாது.

ஆனால் எம்.பி.பி.டி.க்கும் ஒரு வரம்பு உண்டு. அதன்மேல் 75/15 என்று எழுதியிருந்தால் பேனல் பக்கம் 75 வோல்ட், பேட்டரிக்குத் தருவது 15 ஆம்பியர் என்று பொருள். இரண்டாவது எண்ணைத் தாண்டினால் நல்ல கருவி தானே அளவைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். முதல் எண்ணைத் தாண்டினால் கருவி கருகிவிடும். எதுவும் இணைக்காதபோது 22 வோல்ட் காட்டும் பேனல்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் 66, பிழைத்தது. நான்கு என்றால் 88.

படகில் தொடர் இணைப்பை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கொடிமரம், கயிறு, வலை, வந்து உட்காரும் பறவை என்று நிழல் எங்கிருந்தாவது விழும். தொடரில் ஒரு பேனல் நிழலில் சிக்கினால் வரிசை முழுவதும் தடுமாறும். பக்க இணைப்பில் மற்றவை தம் வேலையைப் பார்க்கும்.

சூரியப் படகு வெறும் விளக்கோடு நிற்கவேண்டியதில்லை. கேரளாவில் வைக்கத்திற்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் 'ஆதித்யா' என்ற பயணிகள் படகு ஓடுகிறது. ஆமாம், 1924இல் பெரியார் போராடிச் சிறை சென்ற அதே வைக்கம். கொச்சியில் உள்ள நவால்ட் நிறுவனம் கட்டியது. 75 பேர் அமரலாம். கூரையில் சுமார் 20 கிலோவாட் பேனல்கள், உள்ளே 50 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரி. நாளுக்கு நாலரை மணி நேர நல்ல வெயில் என்று வைத்தால் 90 கிலோவாட் மணி கிடைக்கும். அமைதியான காயல், இரண்டரை கிலோமீட்டர் தூரம், இரட்டை உடல் கொண்ட மெலிந்த படகு, அதனால்தான் சாத்தியமானது. மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு, நீரோட்டத்தை எதிர்த்துப் பட்டர்வொர்த் போகும் நம் பெர்ரியை அதன் கூரை மட்டுமே ஓட்டிவிடாது. அதைக் கேட்டுப் பெரிய திட்டம் தீட்டுவதைவிட, முதலில் மீன்பிடிப் படகுகளின் பேட்டரிகளைச் சரியாக்கலாம்.

இன்னொன்று. கடலுக்கு அக்கரையில், கெடாவின் கூலிமில், பர்ஸ்ட் சோலார் நிறுவனம் பேனல் செய்கிறது. பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று அதன் 'சீரிஸ் 6' வகையைப் படகுக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். அது பெரிய சூரியப் பண்ணைகளுக்கானது. ஒரே பேனலின் திறந்த மின்னழுத்தம் 200 வோல்ட்டைத் தாண்டும்.