மூடிக்குள்ள ஒரு டயர் வால்வு!

காளிமார்க் 1916-ல் ஆரம்பிச்சதே எங்க விருதுநகர்லதான். அந்த ஊர்ல பொறந்துட்டு சோடாவுக்குக் காசு குடுக்கலாமா பாஸ்?

வெளிநாட்டுல வீட்லயே பீர் காய்ச்சுறவங்க கேஸ் ஏத்த ஒரு மூடி வச்சிருக்காங்க. நம்ம வெர்ஷன்: காலி பவண்டோ பிளாஸ்டிக் பாட்டில், பஞ்சர் கடை டியூப்லெஸ் வால்வு. மூடியில ஓட்டை போட்டு, வால்வை உள்பக்கமிருந்து இழுத்து மாட்டணும். முக்கால் பாட்டில் ஐஸ் தண்ணி ஊத்தி, நசுக்கிக் காத்தை வெளியேத்தி மூடணும். சோடாக் கடை அண்ணாச்சி சிலிண்டர்ல ரெகுலேட்டர் போட்டு 30 பி.எஸ்.ஐ. ஏத்தி, கை வலிக்கக் குலுக்கணும். தண்ணி சூடா இருந்தா கேஸ் கரையாது. எங்க ஊர் குழாய்த் தண்ணியில பண்ணினேன்... புஸ்!

"மாப்ள, கண்ணாடி பாட்டில்ல பண்ணுவோம்டா, கெத்தா இருக்கும்"னான் ரூம்மேட். அண்ணாச்சி சிலிண்டரை மூடிட்டாரு.

"கோலி சோடா பாட்டில் எவ்ளோ தடிமன்? அதுவே வெடிக்கும் தம்பி. அதான் கேஸ் ஏத்துறப்ப பெட்டிக்குள்ள வச்சு சுத்துறது. பிளாஸ்டிக் வீங்கிக் காட்டும், கண்ணாடி சொல்லாமக் கொள்ளாம கண்ணுல பாயும். சிவகாசி பக்கத்துல இருந்துக்கிட்டு இது தெரியலையா?"

கப்சிப்.

1872-ல் ஹிராம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் பேட்டன்ட் வாங்கின பாட்டில் அது. உள்ள இருக்கிற கேஸே கோலியை ரப்பர் வளையத்துல அழுத்தி மூடிக்கும். என் வால்வும் அதே கதைதான். புதுசா கண்டுபிடிச்சதா நெனச்சு ரெண்டு நாள் திரிஞ்சேன்!

முதல் மடக்குல டயர் வாசனை. துப்பிட்டேன். சாப்பாட்டுக்கு ஆகுற ரப்பர்ல வால்வு கிடைக்குமானு இப்ப கடை கடையா ஏறி இறங்குறேன். அதுவரைக்கும் அண்ணாச்சிக்குக் காசு குடுத்துத்தான் சோடா.