நிலக்கடலை அலர்ஜியும் தமிழே இல்லாத பாக்கெட்டும் (திரெட்)

உடுமலையில ஏதாவது ஒரு மளிகைக் கடைக்குப் போய் நாலு பிஸ்கட், சாக்லேட் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்க. உள்ளே என்ன இருக்குங்கிற விவரம் பெரும்பாலும் ஆங்கிலத்துல, எறும்பு சைஸ்ல இருக்கும். தமிழ் தேடணும்.

கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. விதியே அப்படித்தான். 2020 உணவு லேபிள் விதிகள்படி கட்டாயத் தகவல்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தா போதும். மற்ற மொழிகளைக் கூடுதலா போட்டுக்கலாம். போட்டே ஆகணும்னு இல்ல.

இதே விதிகள்ல உருப்படியான விஷயமும் இருக்கு. நிலக்கடலை, பால், முட்டை, மீன், இறால் நண்டு, சோயா, கோதுமை வகை, முந்திரி பாதாம் வகை, சல்பைட் இருந்தா 'கன்டெய்ன்ஸ்'னு தனியா அறிவிக்கணும். தயாரிக்கிற இடத்துல கலந்திருக்க வாய்ப்பு இருந்தா 'மே கன்டெய்ன்'னு போடலாம். அதை "சும்மா சட்டத்துக்குப் போட்டது"ன்னு நினைக்காதீங்க. அலர்ஜி இருக்கிறவங்களுக்கு அதுக்கு அர்த்தம் 'வாங்காதே'.

ஆனா இந்த ரெண்டு வார்த்தையையும் யார் படிக்கணும்? மில்லுல ஷிஃப்ட் முடிச்சு வர்ற அம்மா. பேப்பர், பஸ் போர்டு, ரேஷன் அட்டை எல்லாம் தமிழ்ல சரளமா படிக்கிறவங்க. "லேபிள் பாத்து வாங்குங்கம்மா"ன்னு ஓபி-யில சொல்றது சுலபம். அவங்க பிள்ளையோட உயிர் அவங்களுக்குத் தெரியாத மொழியில அச்சாகியிருக்கு.

"பாக்கெட்ல இடம் இல்ல, செலவாகும்"னு சொல்வாங்க. திருப்பூர்ல தைக்கிற பனியனைப் பாருங்க சார். ஐரோப்பாவுக்குப் போற துணியில எப்படித் துவைக்கணும்னு ஏழெட்டு மொழியில ஒரு சின்ன டேக் தொங்குது! துணி சுருங்கக் கூடாதுன்னு அவ்வளவு அக்கறை. அதே ஐரோப்பிய ஒன்றியத்துல உணவு லேபிள் அந்தந்த நாட்டு மக்களுக்கு எளிதா புரியிற மொழியில இருக்கணும்னு சட்டம். அலர்ஜி பொருளை எழுத்துருவிலோ நிறத்திலோ தனிச்சுக் காட்டவும் செய்யணும்.

தமிழ்ல போட்டாலும் சரியா போடணும். 'கடலை'ன்னு மட்டும் எழுதினா கடலைப்பருப்பா, பொட்டுக்கடலையா, கொண்டைக்கடலையா, கடலைமாவா? நிலக்கடலை, அதாவது வேர்க்கடலைன்னு முழுசா இருக்கணும். 'நட்ஸ்'னு எழுதுறதும் போதாது. நிலக்கடலை பயறு குடும்பம், முந்திரி வேற.

அடுத்தது எண்ணெய். விதிகள்ல எண்ணெய்க்கு அலர்ஜி அறிவிப்புல விலக்கு இருக்கு. நல்லா சுத்திகரிச்ச கடலெண்ணெய்ல புரதம் அநேகமா இருக்காது, அதனால அதுல பெரிய பயம் இல்ல. செக்கு எண்ணெய் அப்படியில்ல. புரதம் மிச்சமிருக்கும், அலர்ஜியைக் கிளப்புறதே அந்தப் புரதம்தான். இப்ப தெருவுக்குத் தெரு செக்கு. 'ஆரோக்கியம்'னு அதுல பொரிச்ச முறுக்கை வீட்டுக்கு வாங்கிட்டுப் போறோம். மிக்சர், பொடி, சத்துமாவு, பேக்கரி ஐட்டம்னு லூஸ்ல விக்கிறதுக்கு லேபிளே கிடையாது. இங்கிலாந்துல கடையிலேயே செஞ்சு பேக் பண்ணி வைக்கிற சாண்ட்விச்சுக்கும் 2021 அக்டோபர் 1 முதல் முழு லேபிள் கட்டாயம். எள் கலந்த ரொட்டி சாப்பிட்டு 15 வயசுப் பொண்ணு 2016-ல இறந்த பிறகு வந்த சட்டம் அது. நம்ம பட்டியல்ல எள்ளே இல்லைங்கிறது தனிக் கதை.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி"ன்னு ரிப்ளை வரும். மேல்நாடு அளவுக்கு இங்க நிலக்கடலை அலர்ஜி இல்லதான். அதனாலதான் பக்கத்து வீட்டுக்காரங்க, டீச்சர், சில சமயம் தாத்தா பாட்டியே "ஒரு வாய் தின்னா என்ன ஆயிடும்"னு ஊட்டி விடறாங்க. உதடு வீங்கி, தடிப்பு வந்து, மூச்சு இரைக்க ஆரம்பிச்சா நிமிஷக் கணக்கு. அவில் போட்டுக் காத்திருக்காதீங்க. அவில், செட்ரிசின் அரிப்பைக் குறைக்கும், உயிரைக் காப்பாத்தாது. தொடையில போடற அட்ரினலின் ஊசிதான் மருந்து. விலை குறைவு, அரசு ஆஸ்பத்திரியில இருக்கும். 108-க்கு உடனே கூப்பிடுங்க.

தமிழ்நாட்டுல விக்கிற பாக்கெட்ல அந்த 'கன்டெய்ன்ஸ்' வரி மட்டுமாவது தமிழ்ல கட்டாயம் ஆகணும். மத்திய விதியில ஒரு திருத்தம், அவ்வளவுதான். மாநில அரசும் எம்.பி.க்களும் கேக்க வேண்டிய விஷயம்.

அதுவரைக்கும் ஆங்கிலம் படிக்கத் தெரிஞ்ச யாரையாவது 'பீநட்', 'கிரவுண்ட்நட்' ரெண்டையும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ரெண்டுலயும் எழுதித் தரச் சொல்லி போன்ல போட்டோவா வெச்சுக்குங்க. கடையில பாக்கெட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. போன மாசம் வாங்கின அதே பிஸ்கட்டா இருந்தாலும் திரும்பப் பாருங்க, சேர்மானம் மாத்திடுவாங்க.