ஸ்பேனர் பிடிச்சவங்க எல்லாம் கேஸ் மெக்கானிக்கா?

நம்ம கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனிக்குள்ள வெல்டிங் பத்த வைக்கணும்னா முதல்ல பெர்மிட் எழுதணும். கேஸ் கசிவு இருக்கான்னு மீட்டர் வெச்சுப் பார்ப்பாங்க. பக்கத்துல தீயணைப்பு சிலிண்டரோட ஒரு ஆள் நிக்கணும். பாய்லர் ஓட்டணும்னா அதுக்குப் பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கின ஆள் வேணும். இதுக்கான சட்டம் வெள்ளைக்காரன் காலத்துல 1923ல வந்தது, 2025ல அதுக்குப் பதிலா புதுச் சட்டமே போட்டாச்சு. எல்லாம் சரி.

அதே கம்பெனில ஷிப்ட் முடிச்சு வீட்டுக்கு வர்ற மனுஷன் வெந்நீர்ல குளிக்கப் போறார். பாத்ரூமுக்குள்ள சுவத்துல தொங்குது ஒரு கேஸ் கீசர். அதை மாட்டினது யாரு? தெரியாது. அவருக்கு என்ன சர்டிபிகேட் இருக்கு? யாரும் கேக்கல. பாய்லர் சட்டம் 25 லிட்டருக்குக் குறைஞ்சதையும், தண்ணி 100 டிகிரிக்குக் கீழ சூடாகறதையும் தொடாது. அதாவது கம்பெனி வாசலைத் தாண்டினா உங்க உயிரை நீங்களே பாத்துக்க வேண்டியதுதான்.

இதெல்லாம் பி.காம் படிக்கிற இவனுக்கு எதுக்குன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு.

போன மார்கழில எங்க பெரியம்மா வீட்ல பழைய கரண்ட் கீசர் போயிடுச்சு. கரண்ட் கீசர் போட்டா ரெண்டு மாச பில் 500 யூனிட்டைத் தாண்டிடும், தாண்டினா கீழ இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறும்னு பெரியப்பா கணக்கு போட்டார். தப்பில்லாத கணக்குதான். கேஸ் கீசர் வாங்கினாங்க. கடைக்காரர் "ஆள் அனுப்பறேன்"னார். ஆள் வந்தார். கிச்சன் அடுப்புக்குப் போற ட்யூப்ல ஒரு டி ஜாயின்ட் போட்டு, பச்சை ரப்பர் ட்யூபை சுவத்துல ஓட்டை போட்டு இழுத்து, பாத்ரூமுக்குள்ளேயே கீசரை மாட்டிட்டு 350 ரூபாய் வாங்கிட்டுப் போயிட்டார். கொசு வருதுன்னு ஜன்னலை ஏற்கெனவே தெர்மாகோல் வெச்சு அடைச்சிருந்தாங்க. அவர் அதைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லல.

ஒன்பதாவது நாள் அக்கா தலைக்குக் குளிக்கப் போனா. இருபது நிமிஷம் ஆச்சு, தண்ணி கொட்டற சத்தம் மட்டும் வருது, கூப்பிட்டா பதில் இல்ல. அண்ணன் தாழ்ப்பாளை உடைச்சுத்தான் வெளிய தூக்கினான். முதல்ல போன இடத்துல "லோ பிபி, சாப்பிடாம குளிச்சிருப்பாங்க"ன்னாங்க. ரெண்டாவது ஆஸ்பத்திரில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா மட்டும் கேட்டாங்க: "பாத்ரூம்ல கேஸ் கீசரா?" அந்த ஒரு கேள்விதான் அக்காவைக் காப்பாத்துச்சு. உடனே ஆக்சிஜன் வெச்சாங்க, பிழைச்சா. மொத்தம் 14,000 ரூபாய் செலவு. பிட்டிங் கூலியை மாதிரி நாப்பது மடங்கு.

மறுநாள் அந்த பிட்டர் அண்ணனை வரச் சொன்னோம். பாவம், பயந்துட்டார். எல்லா ஜாயின்ட்லயும் சோப்பு நுரை போட்டுப் பார்த்துட்டு சொன்னார்: "எங்கயும் லீக்கே இல்லீங்கம்மா."

அவர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. லீக் இல்ல. பிரச்சனையே அங்கதான் மக்களே.

சிலிண்டர் கேஸ் கசிஞ்சா நமக்கு நாத்தம் தெரியும், ஏன்னா அதுல மெர்காப்டன்னு ஒண்ணை வேணும்னே கலக்கறாங்க. ஆனா கேஸ் சரியா எரியாம போனா வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசமும் இல்ல. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கிறதை விட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா இதைப் பிடிச்சுக்கும். லேசா தலை சுத்தும், குமட்டும், கால் துவளும். அப்புறம் கதவைத் திறக்கணும்னு தோணும்போது திறக்கத் தெம்பு இருக்காது.

நான் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணியை 25 டிகிரி சூடேத்தற கீசர் மணிக்கு சுமார் 0.9 கிலோ கேஸ் எரிக்கும். ஒரு கிலோ கேஸ் முழுசா எரிய சுமார் 12 கன மீட்டர் காத்து வேணும். நம்மூர் பாத்ரூம் நாலுக்கு ஆறு, எட்டடி உயரம். அதுல இருக்கிற மொத்தக் காத்தே ஐந்தரை கன மீட்டர்தான். கால் மணி நேரம் ஓடினா கிட்டத்தட்ட பாதி காத்தை கீசரே தின்னுடும். எரிஞ்ச புகையும் அதே ரூமுக்குள்ளதான் சுத்தும். ஆக்சிஜன் குறையக் குறைய எரியறது கெட்டு, மோனாக்சைடு ஏறும்.

ஆக, கீசர் பாத்ரூமுக்கு வெளிய இருக்கணும், புகை வெளிய போக வழி இருக்கணும், காத்து உள்ள வர வழி இருக்கணும். சொல்லித் தர அரை நாள் போதும். ஆனா அந்த அரை நாள் பாடத்தை அந்த அண்ணனுக்கு யாரும் நடத்தல. அவர் முன்னாடி ரோலிங் மில்லுல ஹெல்பரா இருந்தவர், ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், வேலை சுத்தமாத்தான் செய்வார். அவர் மேல எனக்குக் கோவம் இல்ல. அவர்கிட்ட யாருமே எதையும் கேக்காத இந்த ஏற்பாட்டு மேலதான் கோவம்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. 2023 மார்ச்ல ஹோலி அன்னைக்கு மும்பை காட்கோபர்ல ஒரு தம்பதி பாத்ரூம்ல இறந்து கிடந்தாங்க. கீசர் புகையாத்தான் இருக்கும்னு அப்ப செய்தி வந்தது. நாம படிச்சோம், "ஐயோ பாவம்"னோம், பக்கத்தைத் திருப்பிட்டோம்.

தமிழ்நாட்டுல வயரிங் வேலை செய்யறவருக்கு மின் உரிமம் வழங்கும் வாரியம்னு ஒண்ணு இருக்கு. வயர்மேன் தகுதிச் சான்றிதழ், சூப்பர்வைசர் சான்றிதழ்னு படிப்படியா இருக்கு. சான்றிதழ் இல்லாதவங்களும் வயரிங் பண்றாங்க, வாஸ்தவம். ஆனா "உங்க லைசன்ஸ் எங்க?"ன்னு கேக்கறதுக்கு ஒரு கேள்வியாவது இருக்கு. கேஸ் பிட்டர்கிட்ட அந்தக் கேள்வியே கிடையாது. ஏஜென்சி மெக்கானிக்குக்கு ஆயில் கம்பெனி பயிற்சி தருது. ஹைட்ரோகார்பன் துறைக்குன்னு திறன் குழுமம் இருக்கு. கீசருக்கே ஐ.எஸ். 15558னு தரம் இருக்கு. ஆனா தரமான கீசரைத் தப்பான இடத்துல மாட்டினா ஐ.எஸ்.ஐ. முத்திரை வந்து ஜன்னலைத் திறந்துவிடுமா?

பிரிட்டனைப் பாருங்க. 1968 மே 16, லண்டன்ல ரோனன் பாயின்ட்னு 22 மாடிக் கட்டடம். காலைல ஒரு அம்மா டீ போட அடுப்பைப் பத்த வெச்சாங்க. கேஸ் வெடிச்சு கட்டடத்தோட ஒரு மூலையே மேலிருந்து கீழ வரைக்கும் சரிஞ்சது. நாலு பேர் செத்தாங்க. விசாரணைல தெரிஞ்சது: அடுப்புக்கு கேஸ் போற இணைப்புல இருந்த தரமில்லாத ஒரு பித்தளை நட். ஒரு நட்! அதுக்கப்புறம் 1970ல கேஸ் வேலை செய்யறவங்களைப் பதிவு பண்ற அமைப்பு வந்தது, 1991ல பதிவு கட்டாயமாச்சு, 2009 ஏப்ரல்ல இருந்து 'கேஸ் சேஃப்' பதிவேடு. அங்க வீட்டு ஹீட்டரை மாத்தணும்னா வர்ற ஆள்கிட்ட அட்டை இருக்கணும். அட்டையோட பின்பக்கம் அவர் எந்தெந்த வேலை செய்யலாம்னு எழுதியிருக்கும். அடுப்பு மட்டும் தெரிஞ்சவர் பாய்லரைத் தொடக் கூடாது. வீட்டுக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தா போதும்.

இனி எதிர்க்கட்சி வாதங்கள் :)

"லைசன்ஸ்னு வந்தா லஞ்சம் வரும்." வரலாம். டிரைவிங் லைசன்சுலயும் புரோக்கர் இருக்கார். அதனால லைசன்சே வேணாம், யார் வேணா ஜி.என்.டி. ரோட்டுல லாரி ஓட்டலாம்னு யாராவது சொல்றோமா?

"ஏழை பிட்டருங்க பொழப்பு போயிடும்." இதுதான் நியாயமான கவலை. பதில் இருக்கு. ஏற்கெனவே வேலை செய்யறவங்களுக்கு ஐ.டி.ஐ.ல தமிழ்லயே இலவசமா ரெண்டு நாள் பாடம், ஒரு செய்முறைத் தேர்வு, அட்டை. அட்டை வந்தா அவர் 350க்குப் பதிலா 700 கேக்கலாம். பொழப்பு போகாது, மரியாதைதான் கூடும்.

"செலவு ஏறும்." இங்கதான் எங்க காமர்ஸ் பாடம் வருது. 1970ல அக்கர்லாஃப்னு ஒரு பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையைப் பத்தி எழுதினார், 2001ல நோபல் வாங்கினார். வாங்கறவனுக்கு நல்லது எது, கெட்டது எதுன்னு தெரியலைன்னா எல்லாத்துக்கும் ஒரே விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல சரக்கு கட்டுப்படியாகாம சந்தையை விட்டுப் போயிடும், மட்டம் மட்டும் நிக்கும். பிட்டிங் வேலையும் அப்படித்தான். ஜன்னலைப் பார்த்து "இங்க மாட்டக் கூடாதும்மா"ன்னு சொல்ற நல்ல பிட்டருக்கும், பார்த்துட்டுப் பேசாம போறவருக்கும் வித்தியாசம் பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும்? 500 கேக்கறவரை விட்டுட்டு 350க்கு வர்றவரைத்தான் கூப்பிடுவாங்க. அந்த வித்தியாசத்தைக் காட்டறதுதான் அட்டை.

இன்னொரு அவசரமும் இருக்கு. எண்ணூர்ல எல்.என்.ஜி. முனையம் 2019ல வந்தாச்சு. சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களுக்குக் குழாய் கேஸ் உரிமம் டோரண்ட் கேஸுக்குக் கொடுத்தாச்சு. குழாய் கேஸுக்கு மாறும்போது அடுப்புல, கீசர்ல ஜெட்டை மாத்தணும்; சிலிண்டர் கேஸ் ஜெட் அதுக்கு ஒத்து வராது. சிலிண்டர் கேஸ் தரையோட தங்கும், குழாய் கேஸ் மேல ஏறும், அதனால எங்க காத்து வழி விடணும்கறதும் மாறும். முதல் கனெக்ஷனை கம்பெனி ஆள் சரியாக் கொடுத்துடுவார். ரெண்டு வருஷம் கழிச்சு கிச்சனை மாத்திக் கட்டும்போது வரப்போறது யாரு? அதே ஸ்பேனர் அண்ணன்தான். இப்பவே அவருக்குப் பாடம் நடத்தலைன்னா எப்ப?

நான் கேக்கறது மூணே மூணு:

1. வயர்மேன் மாதிரி கேஸ் பிட்டருக்கும் தமிழ்ல தேர்வு, போட்டோ ஒட்டின அட்டை. எந்த வேலை செய்யலாம்னு அதுல எழுதியிருக்கணும்.

2. கீசர் விக்கற கடை, பிட்டரோட அட்டை நம்பரை பில்லுல எழுதணும். பெரியப்பா கைல பில்லே இல்ல. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனா எதைக் காட்டறது?

3. வீட்டு கேஸ் இணைப்பைச் சோதிக்க வர்றவங்க அடுப்பையும் ட்யூபையும் பார்த்துட்டுப் போகாம, பாத்ரூம் கதவையும் திறந்து பார்க்கணும்.

எங்க பெரியம்மா வீட்ல கீசர் இப்போ பின்பக்கத் தாழ்வாரத்துல இருக்கு. தெர்மாகோலைக் கிழிச்சுப் போட்டாச்சு, கொசுவலை அடிச்சாச்சு. இடம் மாத்தினது யாருன்னு கேக்கறீங்களா? அதே அண்ணன்தான். அந்த டாக்டரம்மா சொன்னதை நாங்க அவருக்குச் சொன்னோம். அன்னைக்கு அவர் கூலி வாங்கல. போகும்போது வாசல்ல நின்னு கணக்குப் பார்த்தார்: "இந்த சீசன்ல இன்னும் பதினோரு வீட்ல உள்ளயே மாட்டியிருக்கேன் தம்பி. போய்ச் சொல்லிட்டு வரேன்."

சைக்கிளை எடுத்துட்டு அப்பவே கிளம்பினார். அந்தப் பதினோரு வீட்டுக்காரங்க அதிர்ஷ்டக்காரங்க. மத்தவங்க?

டிஸ்கி: உங்க வீட்ல கேஸ் கீசர் இருந்தா இதைப் படிச்சு முடிச்ச கையோட போய் அது எங்க மாட்டியிருக்குன்னு பாருங்க. பாத்ரூமுக்குள்ள இருந்தா இன்னைக்கு ராத்திரி பச்சைத் தண்ணில குளிங்க. கேஸ் நாத்தம் வந்தா கூப்பிட வேண்டிய நம்பர் 1906. நாத்தமே வராம மயக்கம் வந்தா கூப்பிட நம்பர் கிடையாது, அந்த நேரத்துல கூப்பிடறதுக்கு நீங்களும் முழிச்சிருக்க மாட்டீங்க.