வகுப்பறைக்குள் மறைத்த துப்பாக்கி

1966 ஓகஸ்ட் 1ஆம் திகதி, ஒஸ்ரின் நகரிலுள்ள ரெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒருவன் கீழே நடமாடியோரைச் சுட்டுத் தள்ளினான். சரியாக ஐம்பது ஆண்டுகளின் பின், 2016 ஓகஸ்ட் 1ஆம் திகதி, அனுமதிப்பத்திரம் பெற்றோர் அதே வளாகத்தினுள் கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டுசெல்லலாம் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தற்செயலாகவே இருக்கட்டும், நாட்காட்டியைப் பார்க்க ஒருவர்கூடவா இல்லை?

ஆயுதமேந்திய நல்லவர் இருந்தால் தீயவன் அஞ்சுவான் என்கிறார்கள். அப்படியாயின் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் விலகிக்கொள்ளும் உரிமை எதற்கு? அவற்றில் அநேகமாக எல்லாமே விலகிக்கொண்டன. அரச பல்கலைக்கழகங்களோ சில இடங்களை விலக்கலாமே தவிர, முற்றாகத் தடைசெய்ய முடியாது. வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பிருந்தவர்கள் வேண்டாம் என்றே சொன்னார்கள்.

ரெக்சாஸ் பல்கலைக்கழகத் தொகுதியின் அன்றைய வேந்தர் வில்லியம் மக்ரேவனும் இதை எதிர்த்தார். பின் லாடனைக் கொன்ற நடவடிக்கையை நெறிப்படுத்திய கடற்படை அட்மிரல் அவர். என்னைப் போல் துப்பாக்கியைக் கண்டு ஒதுங்கும் கலைப்பீடத்து ஆளல்லர்!

அங்கு கற்பித்த மூன்று பேராசிரியைகள் வழக்குத் தொடுத்தனர். கருக்கலைப்பு, இனம், மதம் என்று விவாதம் சூடேறும்போது எவர் இடுப்பில் என்ன இருக்கிறதென்று விரிவுரையாளருக்குத் தெரியாது. ஆகவே ஒரு கேள்வியைக் கேளாமலே விடுவார். அஞ்சும் தீங்கு நிச்சயமானதல்ல என்று 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களின் பேச்சுரிமை வாதத்தைத் தள்ளிவிட்டது. மறைத்து வைத்திருப்பதை எதைக் காட்டி நிரூபிப்பதாம்?

2021இல் அம்மாநிலத்தில் பொது இடங்களில் கைத்துப்பாக்கி கொண்டுசெல்ல, இருபத்தொரு வயது நிரம்பிய அநேகமானோருக்கு அனுமதிப்பத்திரமே தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். பல்கலைக்கழக வளாகத்துக்கு மட்டும் அது இன்னும் வேண்டும். அந்தக் கடதாசியையாவது விட்டுவைத்தார்களே!