மௌனத்தைத் தண்ணீரில் கரைத்து விற்கிறார்கள்

“சத்தமே வராத ஒரு கேமிங் கணனி வேண்டும். ஆகவே வோட்டர் கூலிங் போடப் போகிறேன்.”

கடந்த ஈராண்டுகளில் இவ்வாக்கியத்தைக் கொழும்பிலும் கேட்டிருக்கிறேன், யாழ்ப்பாணத்திலும் கேட்டிருக்கிறேன். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் மின்னஞ்சல் எழுதும் இளைஞர்களும் இதையே எழுதுகிறார்கள். முதல் வசனத்தோடு எனக்கு எந்தப் பிணக்கும் இல்லை. உழைத்த காசில் ஒருவர் உயர்ந்த ரகக் கணனி வாங்கி விளையாடுவது அவரது உரிமை. அது இரையாமல் இருக்கவேண்டும் என்று விரும்புவதும் நியாயம். என் பிணக்கெல்லாம் நடுவில் நிற்கும் அந்த ‘ஆகவே’யுடன்தான். பத்திரிகை அலுவலகத்தில் மூன்று தசாப்தங்களாகப் பிறர் எழுதியதைத் திருத்தியவனுக்கு, இப்படி ஓசையின்றி நுழையும் ‘ஆகவே’கள் மீது எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

அண்மையில் நண்பரொருவரின் மகன் தன் திட்டத்தை எனக்கு அனுப்பி, “அங்கிள், ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ” என்று கேட்டிருந்தான். ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி புரொசசர், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கிரபிக்ஸ் கார்ட், இரண்டுக்கும் தனித்தனி வோட்டர் புளொக், 360 மில்லிமீற்றர் றேடியேற்றர் இரண்டு, நீர்ப்பம்பி, கண்ணாடித் தொட்டி, ஒன்பது மின்விசிறிகள், பாற்கடல் போன்ற வெண்ணிறத் திரவம். மொத்தச் செலவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குளிர்விப்புக்கே போகிறது. காசு பாதி அவனது இரண்டு வருடச் சேமிப்பு. மீதி சுவிஸிலிருக்கும் மாமன் அனுப்பியது. பட்டியல் மிகக் கவனமாகத் தயாரிக்கப்பட்டிருந்தது. குழாய்களை இணைக்கும் சிறு திருகாணிகள்கூட எண்ணப்பட்டிருந்தன. ஆனால் அந்தக் கணனி இருக்கப்போகும் அறையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த அறை வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில், மேற்குப் பார்த்த யன்னலோடு இருக்கிறது.

கலைப்பட்டதாரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். இதற்கு க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானம் தாராளமாகப் போதும்.

தண்ணீர் வெப்பத்தை விழுங்குவதில்லை. சுமந்து செல்கிறது, அவ்வளவுதான். மேற்படி கணனி முழுமூச்சில் ஓடும்போது ஏறத்தாழ 650 வோட் வெப்பத்தை வெளிவிடும். அதை ஒரு லீற்றர் தண்ணீருக்குள் செலுத்தி றேடியேற்றர் விசிறிகளை நிறுத்திவிட்டால், ஆறரை விநாடிக்கு ஒரு பாகை என்ற கணக்கில் தண்ணீர் சூடேறும். மூன்றேகால் நிமிடத்தில் 30 பாகையிலிருந்து 60 பாகைக்குப் போய்விடும். அதன் பின்னர் அந்த வெப்பத்தை யார் வெளியேற்றுவது? காற்றுத்தான். காற்றைத் தள்ளுவது யார்? விசிறிதான். ஆக, வோட்டர் கூலிங் என்பது விசிறியை ஒழித்த ஏற்பாடு அன்று. விசிறியை வேறோர் இடத்துக்கு மாற்றி, இடையில் ஒரு பம்பியையும் சேர்த்துக்கொண்ட ஏற்பாடு. சத்தம் போடக்கூடிய உறுப்புகளின் எண்ணிக்கை இங்கு ஒன்றினால் கூடியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘பழைய பாணி’ என்று இளைஞர்கள் ஒதுக்குகின்ற பெரிய எயார் கூலர்களின் செப்புக்குழாய்களுக்குள்ளும் இருப்பது பெரும்பாலும் தண்ணீரே. காற்று நீக்கப்பட்ட குழாய்க்குள் சில துளித் தண்ணீர், புரொசசரின் சூட்டில் ஆவியாகி மேலே சென்று, தகடுகளில் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு ஒடுங்கி, குழாயின் உட்சுவரிலுள்ள திரி வழியாகத் திரும்பி வருகிறது. பம்பி இல்லை, மின்சாரம் இல்லை, கசிவு இல்லை. ஒஸ்திரிய நாட்டின் நொக்டுவா நிறுவனம் 2014 இல் வெளியிட்ட என்எச்-டி15 என்ற கூலரை இன்றைய புதிய தாய்ப்பலகைகளிலும் பூட்டலாம். அதற்கான புதிய பூட்டுறுப்புகளை அந்த நிறுவனம் இலவசமாகவே தருகிறது. மூடிய தொகுதியாக விற்கப்படும் வோட்டர் கூலர்களிலோ ஆண்டுகள் செல்லச் செல்ல இறப்பர்க் குழாய்களினூடாகத் தண்ணீர் சிறிது சிறிதாக ஆவியாகித் தப்புகிறது. அந்த இடத்தில் காற்று சேர்கிறது. காற்றுக்குமிழி பம்பிக்குள் போய்விட்டால் எழும் ‘களக் களக்’ ஓசையை மௌனத்துக்குக் காசு கொடுத்தவர்கள் நள்ளிரவில் கேட்டுப் பார்க்கவேண்டும்.

அடுத்த கேள்வி: வெப்பம் எங்கே பிறக்கிறது? விளையாட்டின்போது 9800எக்ஸ்3டி புரொசசர் எடுப்பது பெரும்பாலும் 100 வோட்டுக்கு உட்பட்டதே. ஆர்டிஎக்ஸ் 5090 கார்ட் 575 வோட் வரை எடுக்கும். ஆனால் கடைகளில் ‘வோட்டர் கூலிங் கேமிங் பிசி’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பான்மையானவற்றைத் திறந்து பாருங்கள். 100 வோட் புரொசசரின் தலையில் 360 மில்லிமீற்றர் றேடியேற்றர் கிரீடம் போல வீற்றிருக்கும். ஐந்தாறு மடங்கு வெப்பத்தைக் கக்கும் கார்ட், தன் சொந்த விசிறிகளோடு கீழே இரைந்துகொண்டிருக்கும். வீட்டின் கூரையில் தீப்பிடித்திருக்க, வாசற்படிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை இது.

நண்பரின் மகன் அந்தப் பிழையைச் செய்யவில்லை. கார்ட்டுக்கும் புளொக் போட்டிருக்கிறான். அவனது திட்டத்தில் இடிப்பது அறை. எந்த றேடியேற்றரும் அறைக்காற்றின் வெப்பநிலைக்குக் கீழே தண்ணீரைக் கொண்டுபோக முடியாது. அவன் பின்பற்றிய வெளிநாட்டு வழிகாட்டி, தண்ணீரை 35 பாகையில் வைத்திருக்குமாறு விசிறி வேகத்தை அமைக்கச் சொல்கிறது. அதை எழுதியவரின் அறை 21 பாகை. அவருக்குத் தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையே 14 பாகை இடைவெளி கிடைக்கிறது. வெள்ளவத்தை மேல்மாடியில் பிற்பகல் 31 பாகை என்றால் மிஞ்சுவது நான்கே நான்கு. அதே றேடியேற்றர், அதே காற்றோட்டம், மூன்றரை மடங்கு குறைவான வெப்பத்தையே வெளியேற்றும். விசிறிகள் உச்ச வேகத்தில் அலறும். அப்படியும் 35 ஐத் தொடாது. உண்மையில் தண்ணீர் 42, 43 பாகைக்குப் போனாலும் இந்தச் சில்லுகளுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அதை யாராவது இவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

ஏசி போட்டால் போயிற்று என்பார்கள். போடலாம். கணனி வெளிவிடும் 650 வோட்டை வெளியேற்ற ஏசி மேலும் 200 வோட் அளவில் எடுக்கும். நாளுக்கு நான்கு மணித்தியாலம் விளையாடினால் மாதத்தில் இரண்டுக்குமாக நூறு அலகுகள். நமது நாட்டில் அலகுகள் கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் படிப்படியாக ஏறும் என்பதை மின்சாரப் பட்டியல் கட்டுகிற தகப்பன்மார் அறிவர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருளில் இருந்தவர்கள் நாம்; வோட் என்பது நமக்கு வெறும் எண்ணன்று. அதைவிட்டாலும், ஏசியோ கூரைவிசிறியோ ஓடுகிற அறையில் கணனியின் ஓசை 28 டெசிபலா 32 டெசிபலா என்பதை எந்தக் காது பிரித்தறியப் போகிறது? காலி வீதியின் முச்சக்கரவண்டிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதிலே எனக்கு மிகுந்த ஆத்திரம் தருவது, இந்த வெப்பத்தைப் பற்றி எவரும் கேள்வி கேட்காததுதான். 2017 இல் என்விடியாவின் உச்ச ரக விளையாட்டுக் கார்ட்டான ஜிடிஎக்ஸ் 1080 டிஐ 250 வோட் எடுத்தது. 2020 இல் 3090 கார்ட் 350 வோட். 2022 இல் 4090 கார்ட் 450 வோட். 2025 ஜனவரியில் 1,999 டொலர் அறிமுக விலையோடு வந்த 5090 கார்ட் 575 வோட். எட்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல். தொழிற்சாலைப் புகை கூடினால் முகமூடி விற்பவன் முன்னால் வருவதுபோல, ஒவ்வொரு படியிலும் இன்னும் பெரிய றேடியேற்றரோடு ஒருவர் வந்து நிற்கிறார்.

அப்பிள் நிறுவனம் இந்தப் பாதையில் ஒருமுறை நடந்து பார்த்தது. 2004 இல் பவர் மக் ஜி5 கணனியில் 2.5 கிகாஹேட்ஸ் சில்லுகள் இரண்டைப் பொருத்தி, அவற்றின் சூட்டைத் தாங்கமாட்டாமல் தண்ணீரைப் புகுத்தியது. சில ஆண்டுகளில் அவற்றுட் பல கசிந்து, உள்ளுறுப்புகளை அரித்தன. அடுத்த ஆண்டிலேயே அந்நிறுவனம் சில்லையே மாற்றப்போவதாக அறிவித்தது. 2006 இல் இன்ரெல் சில்லோடு வந்த மக் புரோ மீண்டும் காற்றினால் குளிர்ந்தது. குளிர்ந்த சில்லு வந்ததும் தண்ணீருக்கு வேலை இருக்கவில்லை.

விமர்சனம் என்ற பெயரில் யூரியூப்பில் நடப்பவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளம்பரத்துக்கும் செய்திக்கும் இடையில் ஒரு கோடு இருக்கவேண்டும் என்று எங்களுக்கு ஆசிரியபீடத்தில் கற்பித்தார்கள். நாங்கள் அதை எப்போதும் காப்பாற்றினோம் என்று மார்தட்ட மாட்டேன். ஆனால் கோடு என்று ஒன்று இருந்தது. இங்கே பொருளை இலவசமாகக் கொடுப்பவர், பரிசோதிப்பவர், தள்ளுபடிக் குறியீட்டை வாசிப்பவர் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கிறார்கள். பெட்டியில் அச்சிடப்படும் டெசிபல் எண் பெரும்பாலும் தனியொரு விசிறிக்கு உரியது. அதே விசிறிகள் மூன்று ஒன்றாக ஓடினால் ஏறத்தாழ 5 டெசிபல் கூடும். நெருக்கமான றேடியேற்றர்த் தகடுகளுக்கூடாகக் காற்றைத் தள்ளும்போது இன்னும் கூடும். மறுபுறத்தில், விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். மௌனத்தின் இரகசியம் முழுவதும் இந்த ஒற்றைக் கணக்கில் இருக்கிறது. மெதுவாகச் சுழலும் விசிறியே அமைதி. மெதுவாகச் சுழலவேண்டுமானால் வெளியேற்றவேண்டிய வெப்பம் குறைவாக இருக்கவேண்டும், அல்லது வெளியேற்றும் பரப்பு மிகப் பெரிதாக இருக்கவேண்டும்.

பரப்பைப் பெரிதாக்க வல்லது தண்ணீர் என்பதை நான் மறுக்கவில்லை. ஒன்பது பெரிய விசிறிகள் பூட்டக்கூடிய றேடியேற்றரைப் பெட்டிக்கு வெளியே வைத்து, குழாயைச் சுவருக்கூடாக அடுத்த அறைக்கோ பல்கனிக்கோ கொண்டுபோகிறவர் உண்மையாகவே மௌனத்தை வாங்குகிறார். வெப்பத்தையும் தன் அறையிலிருந்து அகற்றுகிறார். ரொறன்ரோவின் நிலக்கீழ் அறையில் ஜனவரி மாதத்தில் விளையாடுகிறவருக்கோ அந்த 650 வோட் இலவச ஹீற்றர். அவரோடு எனக்கு வழக்கில்லை. நாள் முழுவதும் முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும் தொழில் செய்பவருக்கும் அது பொருந்தும். மாலையில் மூன்று மணித்தியாலம் விளையாடுகிற வெள்ளவத்தைப் பையனுக்கு?

அவனுக்கு நான் எழுதிய பதில் இதுதான். ஒரு படி கீழே உள்ள கார்ட்டை எடு. அல்லது 4090 போன்ற ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் அதை 320 வோட்டுக்குக் கட்டுப்படுத்து. பெரும்பாலான விளையாட்டுகளில் வேக இழப்பு நூற்றுக்குப் பத்தைத் தொடாது. வெப்பமோ மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறையும். திரை விநாடிக்கு 120 சட்டகங்களைத்தான் காட்டும் என்றால் கார்ட்டையும் 120 இலேயே நிறுத்து. அப்படிச் செய்தால் கார்ட்டின் மின்சுருள்கள் எழுப்பும் கீச்சொலியும் தணியும்; அந்தக் கீச்சொலியை எத்தனை லீற்றர் தண்ணீரும் அடக்காது. முகப்பு முழுதும் வலையாக உள்ள பெரிய பெட்டி, 140 மில்லிமீற்றர் விசிறிகள் மூன்று நான்கு, புரொசசருக்கு இரட்டைக் கோபுர எயார் கூலர். கணனியை மேசைமேல் காதருகே வைக்காமல் கீழே தூரத்தில் வை. வலையை மாதம் ஒருமுறை தூசு தட்டு. கடற்கரையோர வீட்டில் உப்புக்காற்றும் பல்லியும் செய்கிற வேலையை எந்த வழிகாட்டியும் எழுதுவதில்லை.

அழகுக்காகச் செய்கிறேன், அந்த வெண்ணிறத் திரவம் கண்ணாடிக் குழாயில் ஓடுவதைப் பார்க்க ஆசை என்று ஒருவர் சொன்னால் அதை நான் மதிப்பேன். மீன்தொட்டி வைத்திருப்பவரிடம் காரணம் கேட்பதில்லையே. அப்படியானவர் செம்பு புளொக்கோடு அலுமினிய றேடியேற்றரைக் கலக்கக்கூடாது. இரண்டு உலோகங்களும் ஒரே தண்ணீரில் நின்றால் அலுமினியம் அரிக்கப்படும். பால்போன்ற நிறத் திரவங்களின் துகள்கள் நாளடைவில் படிந்து புளொக்கின் மெல்லிய இடைவெளிகளை அடைக்கும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறையேனும் முழுத் தொகுதியையும் வடித்துக் கழுவித் திரும்ப நிரப்ப வேண்டும். மின் இணைப்பைக் கழற்றி, பம்பியை மட்டும் தனி மின்வழங்கியில் ஒரு நாள் ஓடவிட்டு, இணைப்புகளின் கீழே வைத்த கடதாசி ஈரமாகிறதா என்று பார்த்த பின்னரே கணனியை இயக்கவேண்டும்.